இசை கற்கும் குழந்தையின் அருகில் பெற்றோர் உட்கார வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா?

கேள்வி:
என் ஒன்பது வயது மகள் தானே ஆசைப்பட்டு வயலின் வகுப்பில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நான் நினைவூட்டாமல் பெட்டியைத் திறப்பதில்லை. திறந்தாலும், தடுமாறும் இடம் வந்ததும் அதைச் சரிசெய்யாமல், மறுபடி முதல் வரிக்கே போய்விடுகிறாள். அருகில் உட்கார்ந்தால் அவள் முகம் வாடுகிறது, விலகினால் பயிற்சியே நின்றுவிடுகிறது. எனக்கோ இசை தெரியாது. நான் வற்புறுத்துவது அவளுடைய ஆசையையே கெடுத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1:
நீண்ட காலமாக வயலின் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வயதில் விலகிவிடாதீர்கள். பிரிட்டனில் டேவிட்சன், ஸ்லோபோடா முதலியோர் 257 இளம் மாணவர்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சிறந்து விளங்கிய பிள்ளைகளின் பெற்றோர் தொடக்க ஆண்டுகளில் பாடத்திலும் பயிற்சியிலும் நெருங்கிய ஈடுபாடு காட்டினர் என்றும், பிள்ளைகள் வளர வளர அவர்களுடைய சொந்த ஊக்கமே அந்த இடத்தை எடுத்துக்கொண்டது என்றும் தெரியவந்தது. பாதியில் விட்டவர்களின் பெற்றோரோ, தொடக்கத்தில் ஒதுங்கியிருந்துவிட்டு, பதின்பருவத்தில்தான் கெடுபிடியைக் கூட்டினர். பெற்றோர் இசை வல்லுநராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் எப்படி உட்காருகிறோம் என்பது முக்கியம். "இன்னும் பத்து நிமிடம் வாசி" என்று சொல்லும்போது நீங்கள் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறீர்கள். "எந்த இடத்தில் விரல் சிக்குகிறது? அந்த மூன்று சுரங்களை மட்டும் எனக்கு மெதுவாக வாசித்துக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு இசை தெரியாததால், விளக்கிச் சொல்லும் பொறுப்பு அவளுடையதாகிவிடும். அந்தச் சிக்கல் ஒரு முறை அவிழ்ந்து, அவள் காதே அதைக் கேட்டுவிட்டால், நாளைக்குப் பெட்டியைத் திறக்க அதைவிட நல்ல காரணம் இல்லை.

பதில் 2:
பரிசு ஆசை காட்டிப் பழக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தினமும் வாசித்தால் கைப்பேசியில் அரை மணி நேரம் விளையாடலாம் என்று என் மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் கீபோர்டைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி ஓவியம் வரையவைத்த சிறுவர்களுக்குப் பின்னர் அதில் ஆர்வம் குறைந்ததை, லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973-இலேயே காட்டியிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு பாட்டை அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

பதில் 3:
ஆஸ்திரேலியாவில் 157 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த மெக்பெர்சன், கருவியைத் தொடுவதற்கு முன்பே, எவ்வளவு காலம் வாசிக்கப்போகிறீர்கள் என்று அவர்களைக் கேட்டார். ஒரே அளவு பயிற்சி செய்தவர்களிலும், நெடுங்காலம் வாசிப்போம் என்று எண்ணியவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். உங்கள் மகளிடமும் அதைக் கேட்டுப் பார்க்கலாமே.

கேள்வி கேட்டவர்:
நேற்று இரவு கேட்டேன். "நீங்களும் கற்றுக்கொண்டால் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம், அதுவரைக்கும்" என்றாள். வில்லை எப்படிப் பிடிப்பது என்று இன்று மாலை எனக்குச் சொல்லித்தரப்போகிறாள்.