கண்ணாடி ஓவியம்: கென்னிங்டன் முறையில் ஒட்டுதல் சிக்கல், உதவி தேவை

பிரிட்டிஷ் ஓவியர் எரிக் கென்னிங்டனின் முதல் உலகப் போர் ஓவியமான ‘லாவென்டியில் கென்சிங்டன் படையினர்’ (1915) கித்தானில் வரைந்ததல்ல. கண்ணாடியின் பின்புறம் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (படத்திலுள்ள கூட்டத்தில் கென்னிங்டனும் நிற்கிறார், தேடிப் பாருங்கள்.)

அதே முறையில் 30 x 40 செ.மீ. அளவில் ஒரு முகம் தீட்டுகிறேன். முதலில் தீட்டுவதுதான் முன்பக்கம் மேலாகத் தெரியும் என்பதால் வரிசையில் குழப்பமில்லை: கண்ணின் ஒளிப்புள்ளி, மீசை முடி முதலில், பிறகு தோல், பின்னணி கடைசியில். இடவலம் மாறுவதால் கோட்டுப்படத்தைத் திருப்பி வைத்தாயிற்று.

சிக்கல் ஒட்டுதலில்தான். கண்ணாடி எண்ணெயை உறிஞ்சாது. காற்றும் ஒரு பக்கம்தான் படும். தடித்த பூச்சு ஓரத்தில் உரிகிறது. ஆல்கஹாலால் துடைத்தும் பயனில்லை.

முதலில் மெல்லிய ஜெலட்டின் பூச்சு கொடுத்தால் நிற்குமா, மங்குமா? தஞ்சாவூர் கண்ணாடிப் படம் செய்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.