கேம் சவுண்ட் டிசைன்: டிரெய்லர் ஷோரீல் மட்டும் போதுமா?

முகிலன்: ஒரு கேம் டிரெய்லரின் ஒலியை முழுக்க நீக்கிவிட்டு, நானே புதிதாக ஒலி சேர்த்து ஷோரீல் (வேலைத் திறனைக் காட்டும் மாதிரி வீடியோ) செய்திருக்கிறேன். வேலை தேட இது போதுமா? வைஸ், எஃப்மாட் போன்ற மிடில்வேரும், அதாவது கேமுக்குள் எந்த ஒலி எப்போது, எப்படி ஒலிக்க வேண்டும் என்று அமைக்கும் மென்பொருளும், கற்க வேண்டுமா?

காந்தள்: போதாது. டிரெய்லரில் காலடி எப்போது விழும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். கேமில் அதை முடிவு செய்வது விளையாடுபவர். புல்லில் ஓடுவார், சட்டென்று மரப்பலகையில் ஏறுவார், அரை மணி நேரம் ஒரே இடத்தைச் சுற்றுவார். அதே காலடிச் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒவ்வொரு தரைக்கும் பல பதிவுகள், அவற்றை மாற்றி மாற்றி ஒலிக்க விடுவது, சுருதியையும் (பிட்ச்) வால்யூமையும் லேசாக அசைப்பது, ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் என்ற வரம்பு... வேலையே இதுதான்.

அதிர்வெண்: எனக்கு உடன்பாடில்லை. வைஸைச் சில வாரங்களில் பழகிவிடலாம். வைஸ் 101 பாடமே இணையத்தில் இலவசம். காது அப்படி வராது. ஒரு வாள்வீச்சில் உலோகம் எது, காற்று எது, அடியின் கனம் எது என்று பிரித்துக் கேட்க ஆண்டுகள் ஆகும். ஒலியே சப்பென்று இருந்தால் மிடில்வேர் என்ன செய்யும்?

காந்தள்: நல்ல ஒலியும் கேமுக்குள் போய்த் தோற்கும். தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும் துப்பாக்கிச் சத்தம், பத்துப் பேர் சுடும்போது மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பின்னால் வரும் எதிரியின் காலடி கேட்காமல் விளையாடுபவர் சாகிறார். ரீப்பர் போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதிர்வெண்: சரி, அது நியாயம். ஆனால் பெரிய ஸ்டுடியோக்களில் இதற்கென்றே டெக்னிக்கல் சவுண்ட் டிசைனர் இருக்கிறாரே?

காந்தள்: சின்னக் குழுவில் அவரும் நீங்கள்தான். புதியவர்கள் பலருக்கு முதல் வாய்ப்பும் அங்கேதான்.

முகிலன்: அனுபவமே இல்லாத என்னை எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும்?

காந்தள்: கேம் ஜாம்களுக்குப் போங்கள், குறுகிய நேரத்தில் கேம் உருவாக்கும் நிகழ்வுகள் அவை. லூடம் டேர் என்ற நிகழ்வின் ஜாம் பிரிவில் குழுவாகச் சேர்ந்தால் 72 மணி நேரத்தில் ஒரு கேமை முடிக்க வேண்டும். படம் வரையவும் நிரல் எழுதவும் ஆள் இருக்கும், ஒலிக்கு ஆள் இல்லாமல் தவிக்கும் குழுக்கள் நிறைய. அப்புறம், கேம் ஓடுவதையும் வைஸ் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து ரீலில் சேர்த்துவிடுங்கள்.

அதிர்வெண்: சேர்த்துவிடுங்கள், ஆனால் ரீலின் தொடக்கத்தில் அதை வைக்காதீர்கள். முதலில் உங்கள் ஒலி கேட்கட்டும். அது பிடித்தால்தான் வைஸ் திரை வரைக்கும் பார்ப்பார்கள்.