கார்ட்டூன் ஆடை வரைதல்: ‘டென்ஷன் பாயின்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஆடை வரையும்போது துணியின் மடிப்புக் கோடுகள் எங்கிருந்து கிளம்புகின்றனவோ, அந்த இடத்தைத்தான் ‘டென்ஷன் பாயின்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது மற்றவர்கள் சொன்னவற்றை மேற்கோளாகத் தந்து, கீழே என் பதிலை எழுதியிருக்கிறேன்.

> ‘இழுவிசைப் புள்ளி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

இயற்பியல் பாடத்துக்குச் சரி. கார்ட்டூன் பழகும் பிள்ளைகளுக்குப் பாதிதான் பொருந்தும். கையைத் தூக்கினால் சட்டை அக்குளில் இழுபடுகிறது, அங்கிருந்து கோடுகள் விசிறிபோலப் பிரிகின்றன. இதில் இழுவிசை இருக்கிறது. தோளில் போட்ட துண்டை யார் இழுக்கிறார்கள்? தன் எடையில் தொங்குகிறது, ஆனாலும் மடிப்பு தோளில்தான் தொடங்குகிறது. பெல்ட் கட்டிய இடுப்பில் துணி இறுகி, மேலும் கீழும் சுருக்கம் விழுகிறது. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: துணியை ஏதோ ஓர் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சட்டை சிறிதாகிவிட்டால் தையல்காரரிடம் “அக்குள்ல பிடிக்குது” என்றுதானே சொல்கிறோம்? அந்தப் ‘பிடி’யை எடுத்து ‘பிடிபுள்ளி’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. தவறி ‘பிடிப்புள்ளி’ என்று எழுதினால், ‘பிடிப்பு உள்ளி’ என்று பிரித்துக் குமரி மாவட்டத்துக்காரர்கள் வெங்காயம் தேடப் போய்விடுவார்கள்!

> ‘தாங்குபுள்ளி’ இன்னும் எளிது.

எளிதுதான். தோளுக்கு அருமையாகப் பொருந்தும், அக்குளுக்குப் பொருந்தாது. பிடிபுள்ளியில் ஒரு வகையாக அதை வைத்துக்கொள்ளலாம்.

> கார்ட்டூனுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு? யோகி கரடிக்கு ஒரு காலரும் டையும் போதவில்லையா?

அந்தக் காலர் வேறு காரணத்துக்காக வந்தது. 1958-இல் யோகியை உருவாக்கிய ஹன்னா-பார்பரா கார்ட்டூன் நிறுவனத்தார் தொலைக்காட்சிக்காகச் சிக்கனமாகப் படம் எடுத்தார்கள். உடலை அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் தனித் தாளில் மாற்றி மாற்றி வரைந்தார்கள். தலையும் உடலும் சேரும் இணைப்பு கழுத்தில் தெரியாமல் காலர் மறைத்தது. அங்கே மடிப்புக்கே வேலை இல்லை.

மடிப்பு வரைந்தாக வேண்டிய பாத்திரம் என்றால் கதை மாறிவிடுகிறது. உண்மைபோல வரையும் ஓவியத்தில் ஒரு கைக்கு எத்தனையோ சுருக்கக் கோடுகள் இருக்கும். அவற்றில் ஒன்று பிசகினால் யாரும் கவனிக்கப்போவதில்லை. கார்ட்டூனில் இரண்டே கோடுதான், அதில் ஒன்று தப்பான இடத்தில் கிளம்பினால் முழங்கையே ஒடிந்ததுபோல் ஆகிவிடும். அசைபடத்தில் (அனிமேஷன்) இன்னும் மோசம். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் 12 படம் வரைய வேண்டும். பிடிபுள்ளி எது என்று முடிவு செய்யாமல் ஒவ்வொன்றிலும் மடிப்பைத் தோன்றியபடி போட்டால், பாத்திரம் சும்மா நிற்கும்போதும் சட்டை துடித்துக்கொண்டே இருக்கும்.

எனக்குச் சொல் தேறியதா என்று பார்க்க ஒரே வழி, அதை வைத்து வகுப்பில் பேசிப் பார்ப்பதுதான். “முதல்ல பிடிபுள்ளியைக் குறி, அப்புறம் கோடு போடு.” நாக்கு இடறவில்லை.

அடுத்து, ‘ஜிக்ஜாக் ஃபோல்டு’ பாக்கி இருக்கிறது. நீளமான பேன்ட் கணுக்காலில் குவியும்போது இடமும் வலமுமாக விழுமே, அந்த மடிப்பு. ‘நெளிமடிப்பு’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். ‘நெளி’ என்றால் வளைவுதான் மனதில் வருகிறது, இந்த மடிப்போ முனை முனையாக முறிகிறது. ‘முறிமடிப்பு’ என்றால் யாருக்கும் ஆட்சேபம் உண்டா?