பெருன் கோயிலில் சமோவார் இருக்கலாமா?

பனிமூட்டம்:
ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரஷ்யப் பின்னணி. பனிக்காட்டு நடுவே வெங்காயக் கோபுரங்களோடு ஒரு தலைநகரம், அதை ஆளும் ஜார், இடிக்கடவுள் பெருனுக்குப் பெரிய கோயில். பாதாளத்திலிருந்து வெலெஸ் என்ற கடவுள் படை திரட்டி வருகிறார். கோயில் பூசாரிகள் சமோவார் என்ற வெந்நீர்க் கொதிகலனைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்தபடி சதி செய்கிறார்கள். சூனியக்கிழவி பாபா யாகா பெருனின் மகள். படித்த நண்பர், "இது ரஷ்யா இல்லப்பா, ஏர்போர்ட் பரிசுக்கடை" என்று சொல்லிவிட்டார். கற்பனைக் கதைக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?

செங்கல்சூளை:
உங்கள் நண்பருக்கு என் ஓட்டு. 980-இல் இளவரசர் விளாதிமிர் கீவ் நகரத்துக் குன்றில் பெருனுக்குச் சிலை வைத்தார். மர உடம்பு, வெள்ளித் தலை, தங்க மீசை. எட்டே வருடத்தில் அவரே கிறிஸ்தவரானார். அந்தச் சிலையைக் குதிரை வாலில் கட்டி இழுக்கச் சொல்லி, பன்னிரண்டு ஆட்களை விட்டுக் கம்பால் அடித்து, நீப்பர் ஆற்றில் தள்ளினார். முதன்முதலில் ஜாராக முடிசூடியவர் நான்காம் இவான், 1547-இல். சமோவார் வருவது 18-ஆம் நூற்றாண்டில். ஆக, உங்கள் பூசாரிகள் எழுநூறு வருடத்துக்கு மேல் தாண்டி வந்து டீ குடிக்கிறார்கள்.

பெருன்-வெலெஸ் போரும் பழைய நூல் எதிலும் கதையாக இல்லை. கீவ் அரசின் பழைய வரலாற்றேட்டில் உள்ள, பைசாந்தியப் பேரரசோடு செய்த 971-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வீரர்கள் இருவர் பேரிலும் சத்தியம் செய்கிறார்கள், அவ்வளவுதான். போர்க் கதையைப் பிற்கால நாட்டார் வழக்கிலிருந்து ஊகித்துக் கட்டியவர்கள் இவானவ், தபரோவ் என்ற இரண்டு சோவியத் அறிஞர்கள். யாகா பெருனின் மகள் என்பது முழுக்க உங்கள் சரக்கு.

கடைசிபெஞ்ச்:
சூளை அண்ணே, ஆண்டுக் கணக்கு சொல்வதில் உங்களை அடிக்க ஆளில்லை. ஆனால் 'கலப்படம் கூடாது' என்றால் ரஷ்யர்களே தேற மாட்டார்கள். 1910-இல் ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்த நெருப்புப் பறவை பாலே நாட்டியத்தில் அந்தப் பறவையும் சாகாவரம் பெற்ற மந்திரவாதி கோஷெயும் ஒரே கதையில் வருகிறார்கள். நாட்டார் கதைகளில் அவை வேறு வேறு கதைகள். புஷ்கினின் தங்கச் சேவல் கதை (1834) அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங்கின் கதையிலிருந்து வந்தது என்று 1933-இல் காட்டியவர் கவிஞர் அக்மதோவா. ரஷ்யா என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் மத்ரியோஷ்கா பொம்மைக்கே வயது நூற்றுச் சொச்சம்தான். அவர்கள் கலந்தால் கலை, நாம் கலந்தால் பரிசுக்கடையா? மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் போட்ட புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். நமக்கும் அதில் பாத்தியதை உண்டு.

செங்கல்சூளை:
பாத்தியதை இல்லை என்று யார் சொன்னது? அந்த பாலேயில் கோஷெய் எப்படிச் சாகிறான் என்று பாருங்கள். அவன் உயிர் ஒரு முட்டைக்குள் இருக்கிறது. முட்டையை உடைத்தால்தான் ஆள் காலி. கதைகள் இரண்டைச் சேர்த்தார்கள், கோஷெயின் விதியில் கை வைக்கவில்லை. இவரோ பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விதியைக் குப்பையில் போடுகிறார்.

வடக்குத்தெரு:
குறுக்கே ஒரு வார்த்தை. அந்தக் குன்று இருக்கிற கீவ் இன்று உக்ரைனின் தலைநகரம். ஸ்லாவ் இனம் என்றாலே ரஷ்யா என்று எழுதினால் போலந்துக்காரர், செர்பியர் எல்லாம் எங்கே போவார்கள்? மேற்கு ஐரோப்பாவுக்கு வேம்பயர் பீதி பரவியதே 1720, 30-களில் செர்பிய கிராமங்களைப் பற்றி ஆஸ்திரிய அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளால்தான். நாவலின் பின்னட்டையிலாவது 'ரஷ்ய' என்பதை எடுத்துவிடுங்கள்.

தாழ்வாரம்:
நீங்கள் எல்லாரும் கடவுள்களைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். பெருனைப் பற்றி நமக்குத் தெரிந்ததே கொஞ்சம். சரக்கு நிறைய இருப்பது வீட்டுக்குள். அடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் தமவோய் என்ற கிழட்டு ஆவிதான் வீட்டுக்குக் காவல். புது வீட்டுக்குப் போகும்போது பழைய அடுப்பின் தணலைச் சட்டியில் எடுத்துப் போய், "வாங்க தாத்தா" என்று அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டால் தாத்தா காலி வீட்டில் அழுதுகொண்டு கிடப்பார். குளியலறைக் குடிசையில் பான்னிக் என்ற ஆவி. மூன்று முறை ஆட்கள் குளித்த பிறகு நான்காவது முறை அவருடையது. வெந்நீர் மிச்சம் வைத்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே போகிறவன் மேல் கொதிநீர் விழும், தோலே உரியலாம். அந்தக் குடிசையில்தான் பெண்கள் பிள்ளையும் பெற்றார்கள். பச்சைக் குழந்தையோடு ஒருத்தி உள்ளே, நான்காவது முறை நெருங்குகிறது. ஒரு அத்தியாயத்துக்கு இது போதாதா?

கடைசிபெஞ்ச்:
ஒரு அத்தியாயத்துக்குச் சரி. நானூறு பக்கத்தை வெந்நீரும் தணலும் இழுக்குமா? வாங்குகிறவனுக்குப் போர் வேண்டும்.

தாழ்வாரம்:
ரஷ்ய நாட்டார் கதைகளைத் தொகுத்த அஃபனாஸியெவின் தொகுப்பில், வசிலிசா என்ற பெண்ணின் கதையில் வாளே கிடையாது. மனித எலும்பு வேலி, அதன் மேல் கண் எரியும் மண்டையோடுகள், உள்ளே யாகா. வெள்ளை, சிவப்பு, கறுப்புக் குதிரைவீரர்கள் யார் என்று வசிலிசா கேட்கிறாள், கிழவி சொல்கிறாள். அடுத்து வீட்டுக்குள் பார்த்தது நினைவுக்கு வருகிறது. ஆனால் கேட்காமல் வாயை மூடிக்கொள்கிறாள். வெளியே பார்த்ததை மட்டும் கேட்டாயே, பிழைத்தாய் என்கிறாள் யாகா. ஒரு கேள்வி கூடியிருந்தால் தலை வேலியில் இருந்திருக்கும். இந்தப் பதற்றம் உங்கள் வெலெஸ் படையில் இருக்கிறதா, பனிமூட்டம்?

பனிமூட்டம்:
படையை விட மாட்டேன், சமோவாரையும் விட மாட்டேன். இது என் உலகம், அங்கே டீ முன்னமே வந்துவிட்டது. ஆனால் ஆற்றில் தள்ளிய அந்தச் சிலை என்ன ஆனது?

செங்கல்சூளை:
கரை ஒதுங்கினால் தள்ளிவிடுங்கள் என்று விளாதிமிர் கூடவே ஆள் அனுப்பினார். ஆறு பாறைகளில் சீறிப் பாயும் இடங்களைத் தாண்டியதும் காற்று அதை ஒரு மணல்திட்டில் ஒதுக்கியது. அந்த இடத்துக்குப் பெருன் திட்டு என்றே பெயர் வந்தது.

பனிமூட்டம்:
அந்தத் திட்டில் ஒரு குளியல் குடிசை இருந்தால்?

தாழ்வாரம்:
பான்னிக் விடுவாரா? வரிசையில் நிற்கச் சொல்வார், கடவுளானாலும்.

கடைசிபெஞ்ச்:
இதை யாராவது எழுதுங்கள், நான் வாங்குகிறேன். போர் கட்டாயம் இருக்கணும்.