எழுத்தைப் பெற்றது கணக்குப்பிள்ளையா, பூசாரியா?

கணக்கர்மகன்:
போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "கடவுளோடு பேசத்தான் மனிதன் முதலில் எழுதினான்" என்று பாயசம் வரும்வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வாதாட முடியவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

என் அப்பா நெல் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். அதனால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சியும் என் பக்கம்தான் இருக்கிறது. தெற்கு இராக்கில் உருக் என்ற பழைய நகரம். அங்கே இயன்னா கோயில் வளாகத்தில் கிடைத்த களிமண் பலகைகள் சுமார் 5,000. காலம் கி.மு. 3300-ஐ ஒட்டியும் அதற்குப் பிந்திய ஓரிரு நூற்றாண்டுகளும். அவற்றில் 85 சதவீதம் போல வரவு செலவுதான். பார்லி எவ்வளவு, ஆடு எத்தனை, பீர் யாருக்கு. கோயில் வளாகமாக இருந்தும் ஒரு மந்திரம் இல்லை, ஒரு துதி இல்லை. அதுவும் பத்திரப்படுத்தி வைத்தவை அல்ல. வேலை முடிந்ததும் குப்பையில் போட்டு, அந்தக் குப்பையைக் கொட்டியே அடுத்த கட்டடத்துக்கு மேடு நிரப்பியிருக்கிறார்கள்.

ஒரு பலகையில் இருப்பது இவ்வளவுதான்: 29,086 அளவை பார்லி, 37 மாதம், குஷிம். குஷிம் ஆள் பெயரா பதவிப் பெயரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எதுவானால் என்ன, 29,086-ஐ எவன் நெஞ்சில் வைத்துக்கொள்வான்? அதற்குத்தான் எழுத்து. "எண்ணும் எழுத்தும்" என்று நாமே எண்ணைத்தானே முன்னால் வைக்கிறோம்.

ஆமையோடு:
சார், ஒரே ஊரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள். எழுத்து ஓரிடத்தில் மட்டும் பிறக்கவில்லை. சீனாவும், மெக்சிகோ பக்கத்து மெசோஅமெரிக்காவும் யாரையும் பார்க்காமல் தாமாகக் கண்டுபிடித்தவை.

சீனாவில் கிடைத்த மிகப் பழைய முழு எழுத்து அன்யாங்கில், கி.மு. 1250 வாக்கில். ஆமையின் அடியோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் செதுக்கியவை. கேள்வி கேட்டு எலும்பில் சூடு வைப்பார்கள், விரிசல் விழும், விரிசலைப் பார்த்து அரசர் பலன் சொல்வார். பிறகு அந்தச் சங்கதியை அதே ஓட்டில் செதுக்கிவிடுவார்கள். அரசர் வூ திங்கின் பல்வலிக்கு எந்த முன்னோரின் கோபம் காரணம் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

அவர் மனைவி ஃபூ ஹாவ் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கேட்ட கேள்வி ஒரு ஓட்டில் இருக்கிறது. பிரசவம் நல்லபடியாக அமையுமா? அரசர் விரிசலைப் பார்த்து, அவர்களுடைய பத்து நாள் வாரத்தில் திங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் ரொம்ப விசேஷம் என்கிறார். 31-ஆம் நாள், இரண்டிலும் சேராத வேறொரு நாளில் பிள்ளை பிறக்கிறது. செதுக்கியவர் முடித்திருப்பது இப்படி: நல்லதாக அமையவில்லை, பெண். மூவாயிரம் வருஷம் தாண்டியும் படிக்கும்போது வயிறு எரிகிறது. இதில் உங்கள் பேரேடு எங்கே சார்?

கணக்கர்மகன்:
தம்பி, ஓடு மக்காது, மூங்கில் மக்கும். அதே எலும்புகளில் 'ஏடு' என்பதற்கு ஓர் எழுத்து இருக்கிறது. நெட்டுக்குத்தாகச் சில கோடுகள், குறுக்கே அவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு. மூங்கில் பட்டைகளைக் கோத்த கட்டைப் படமாகவே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அன்யாங்கில் மூங்கில் ஏடு புழங்கியிருக்கிறது. அரண்மனைத் தினையும் ஆடும் அதில்தான் ஏறியிருக்கும்.

ஆமையோடு:
"ஏறியிருக்கும்" என்பதெல்லாம் சாட்சியா? கட்டு இருந்தது, சரி. உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மக்கிப்போன ஏட்டை நீங்கள் கூண்டில் ஏற்றினால், உருக்கில் யாரோ தோலில் எழுதி மக்கிப்போன மந்திரத்தை நானும் ஏற்றுவேன்.

நெல்லைவாசி:
சபாஷ். டீ போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன், நடக்கட்டும்.

கணக்கர்மகன்:
சரி, மக்காததையே பேசுவோம். கி.மு. 8000 முதல் மேற்காசியாவில் சின்னச் சின்னக் களிமண் காய்கள் கிடைக்கின்றன. உருண்டை, கூம்பு, வில்லை. பொருளை எண்ணுவதற்கு. இந்தத் தடத்தைப் பிடித்துக் காட்டியவர் டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸ்ஸராட். பிற்பாடு அந்தக் காய்களை ஒரு களிமண் பந்துக்குள் போட்டு மூடி முத்திரை வைத்தார்கள். இன்றைய ஈரானில் உள்ள சூசாவில் இப்படிப்பட்ட பந்துகள் கிடைத்திருக்கின்றன. உடைக்காமல் உள்ளே எத்தனை என்று எப்படித் தெரியும்? மூடுவதற்கு முன்பே அந்தக் காயை ஈரப் பந்தின் மேல் அழுத்தித் தடம் பதித்துவிட்டார்கள். வெளியே தடம் இருக்கும்போது உள்ளே காய் எதற்கு? காய் போனது, பந்து தட்டையாகிப் பலகையானது. இதைவிட என்ன வேண்டும்?

ஆமையோடு:
எண் குறிகள் வரைக்கும் உங்கள் கதை செல்லும். பொருள் குறிகளுக்குச் செல்லாது. உருக் பலகையில் ஆடு என்றால் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. அந்த வடிவக் காய் அகழாய்வில் கிடைப்பது அபூர்வம். அதுவும் ஊரெல்லாம் ஆடு மேய்த்த நாட்டில்!

அப்புறம், அந்த மீதிப் 15 சதவீதத்தை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அவை சொற்பட்டியல்கள். பதவிகள், மரங்கள், பாத்திரங்கள் என்று வரிசையாக. பதவிப் பட்டியலை ஆயிரம் வருஷம் தாண்டியும் பெரிய மாற்றமில்லாமல் படியெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது யார் கொடுத்த கடன்?

கணக்கர்மகன்:
அது கணக்குப்பிள்ளையாகப் பழகுகிறவனின் வாய்ப்பாடு, தம்பி. அப்பா என்னைக்கூட மண்டிச் சரக்குப் பெயர்களை ஐம்பது தடவை எழுத வைத்திருக்கிறார்.

நெல்லைவாசி:
டீயோடு வந்துவிட்டேன். எங்கள் ஆச்சி வீட்டு நிலைக்கதவில் பால்காரர் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போவார். ஒரு கோடு அரைப்படி. மாசக் கடைசியில் எண்ணிக் காசு. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. கணக்கு இருந்தால் எழுத்து வந்துவிடும் என்றால் ஆச்சி வீட்டுக் கதவில் காவியமே வந்திருக்க வேண்டும்.

ஆமையோடு:
அருமை. அதையே ஒரு பேரரசு அளவுக்குப் பெரிதாக்குங்கள், இன்கா வரும். தென் அமெரிக்காவில் மலை நெடுக அவ்வளவு பெரிய நாடு. கிப்பு என்ற முடிச்சுக் கயிற்றில் ஆள் கணக்கும் கிடங்குக் கணக்கும் பதின்ம முறையில் வைத்திருந்தார்கள். நாம் எழுத்து என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஒன்று அவர்களிடம் இல்லை.

கோமதி டீச்சர்:
இருவரும் 'எதற்காக' என்பதிலேயே நிற்கிறீர்கள். 'எப்போது எழுத்தானது' என்று கேட்டுப் பாருங்கள். ஆடு படம் போட்டால் அது ஆடு. அதைத் தமிழிலும் படிக்கலாம், தெற்கு இராக்கின் பழைய மொழியான சுமேரியத்திலும் படிக்கலாம். படம் ஒலிக்கு நிற்கும்போதுதான் அது எழுத்து.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் இதை விளையாட்டாக வைத்தேன். எழுத்தே இல்லாமல் தோழிக்குச் சேதி அனுப்ப வேண்டும். 'மாலையில் வா' என்பதற்கு ஒரு பெண் பூமாலை வரைந்து, பக்கத்தில் கையசைக்கும் ஆளைப் போட்டாள். பிறகு யாருக்கு என்று எழுத வேண்டுமே, தோழி பெயர் பத்மா. இரண்டு நிமிஷம் பென்சிலைக் கடித்தாள். பிறகு பத்து கோடு போட்டு, பக்கத்தில் ஒரு மாம்பழம் வரைந்தாள். பத்து, மா. வகுப்பே கைதட்டியது.

சுமேரியத்தில் 'தி' என்றால் அம்பு, உயிருக்கும் அதே ஒலி. உயிரைப் படம் போட முடியாது, அம்பைப் போட்டார்கள். எகிப்தில் கி.மு. 3100 வாக்கில் நார்மர் மன்னரின் கற்பலகையில் அவர் பெயருக்குக் கெளுத்தி மீனும் உளியும்: நார், மெர். ஆடு பார்லிக்கெல்லாம் படம் போதும். ஆளின் பெயருக்குப் போதாது. திணறல் அங்கேதான் வந்தது, எழுத்தும் அங்கேதான் வந்தது என்பது என் கட்சி.

கணக்கர்மகன்:
டீச்சர், பெயர் எதற்கு? யார் பார்லி வாங்கினான் என்று தெரிய. சுற்றி வந்து என் மண்டிக்கே வந்துவிட்டீர்கள்.

ஆமையோடு:
நார்மர் பலகையில் மன்னர் ஒருவனின் முடியைப் பிடித்து அடிக்கக் கதாயுதத்தை ஓங்குகிறார், பார்லி வாங்கவில்லை.

கணக்கர்மகன்:
அதற்கு முந்தியதைப் பாருங்கள். எகிப்தின் அபிடோஸில் யூ-ஜே என்று எண்ணிட்ட கல்லறையை 1988-இல் குந்தர் டிரையர் குழு தோண்டியது. விரல் நுனி அளவு எலும்பு, தந்தச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் கயிறு கோக்க ஒரு ஓட்டை. எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு என்று காட்டும் சீட்டு என்பதுதான் பலருடைய வாசிப்பு. சரக்கு மூட்டையில் கட்டும் அட்டைதானே?

ஆமையோடு:
செத்த அரசனுக்குப் போட்ட படையலின் அட்டை! மறு உலகத்துக்குக் கணக்கு அனுப்பினார்களா? ஆனாலும் இதில் பாதி விட்டுக்கொடுக்கிறேன், அந்தச் சீட்டு உங்கள் பக்கமே சாய்கிறது.

கிரேக்கத்துக்கு வாருங்கள். அங்கே வெண்கலக் காலத்து மைசீனிய அரண்மனைகளில் 'லீனியர் பி' எழுத்து. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் படித்துப் பார்த்தால் எல்லாம் எண்ணெய், ஆடு, வெண்கலம். நீங்கள் சொன்ன அதே கணக்கு. கி.மு. 1200-ஐ ஒட்டி அரண்மனைகள் எரிந்தன, எழுத்தும் போயே போனது. ஏறத்தாழ நானூறு வருஷம் கிரேக்கத்தில் ஒரு வரி இல்லை. பிறகு ஃபினீசியரிடம் கற்ற அகரவரிசையோடு திரும்பி வருகிறது. ஏதென்ஸில் டிப்பிலான் பக்கம் கிடைத்த கி.மு. 740 வாக்கிலான மதுக்குடத்தில் கீறியிருப்பது: ஆடுகிறவர்களில் யார் இப்போது மிக லேசாக ஆடுகிறாரோ... கணக்குக்கு வந்த எழுத்து கணக்குப்பிள்ளையோடு செத்தது. ஆட்டத்துக்கு வந்த எழுத்துதான் உலகம் முழுக்கப் போனது.

நெல்லைவாசி:
எல்லா ஊரும் சுற்றியாயிற்று, சிந்துவெளியை மறந்துவிட்டீர்களே. அதைப் படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினே அறிவித்தார்.

கோமதி டீச்சர்:
மறக்கவில்லை, பயந்து ஒதுங்கினோம். ஐராவதம் மகாதேவன் 1977-இல் தொகுத்துக் கொடுத்த அட்டவணையை வைத்துத்தான் இன்றும் பலர் வேலை செய்கிறார்கள். வாசகங்கள் சராசரி ஐந்து குறி, ஒரே பக்கத்தில் இருப்பதில் மிக நீளமானது 17. அது எழுத்தே இல்லை என்று 2004-இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதினார்கள். பின்லாந்து அறிஞர் பர்போலா மீன் குறியை விண்மீன் என்று படித்தது நம் பத்மா விளையாட்டேதான். அழகான யோசனை. ஆனால் சரிபார்க்க இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் இல்லையே.

கணக்கர்மகன்:
குஜராத்தில் உள்ள சிந்துவெளி ஊரான லோத்தலின் கிடங்கில் கிடைத்த முத்திரைக் களிமண் துண்டுகளின் முதுகைப் பாருங்கள், கயிறும் துணியும் பதிந்திருக்கும். மூட்டையில் ஒட்டியவை. மேலே நான் ஒன்றும் சொல்லவில்லை.

அது போகட்டும் தம்பி, உங்கள் ஆமை ஓட்டை மறுபடி படித்தேன். 31-ஆம் நாள் என்று செதுக்கியிருக்கிறார்களே. எண்ணாமலா எழுதினார்கள்?

ஆமையோடு:
அது பஞ்சாங்கம் சார். பேரேடு இல்லை.