காட்மியம் செய்வது போலியா, மாறாட்டமா?

காரைக்குடி, உயிரியல் ஆசிரியை:
வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்காகச் சிறுநீரகம் பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

செல்லுக்கு வெளியே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவாகத்தான் உள்ளே கட்டற்ற கால்சியம் இருக்கிறது. அது கொஞ்சம் ஏறினாலே செல்லுக்கு அது ஒரு சேதி. காட்மியம் என்ற நச்சுக் கன உலோகத்தின் அயனிக்கும் கால்சியத்தின் அதே இரட்டை நேர்மின்சுமை, ஏறக்குறைய அதே பருமன். அதனால் கால்சியத்தின் வாயில்களில் நுழைகிறது. கால்சியத்தின் சேதியை வாங்கிக் கடத்தும் கால்மோடுலின் புரதத்தில் கால்சியத்தின் இடத்தில் உட்காருகிறது. உள்ளே சேமித்திருந்த கால்சியமும் கொட்டிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா அதை வாங்கி வாங்கி வீங்குகிறது, கடைசியில் செல் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. சிறுநீரகத்தில், வடிகட்டிய நீரிலிருந்து வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் அண்மைச் சுருள் நுண்குழலுக்குத்தான் பெரிய அடி. கால்சியம்போல் வந்து காரியத்தைக் கெடுக்கும் இந்தச் செயலுக்கு என்ன சொல்? ‘அயனிப் பாவனை’ என்று எழுதினேன், மனசுக்கு ஒட்டவில்லை.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, சொல் இலக்கணத்திலேயே இருக்கிறதே. அறம் அறன் ஆகிறது, நிலம் நிலன் ஆகிறது. ஓர் எழுத்து இருந்த இடத்தில் இன்னோர் எழுத்து வருவதைப் போலி என்கிறோம். ‘அயனிப்போலி’ என்று எழுதுங்கள்.

அப்படியே கால்சியத்தையும் சுண்ணம் ஆக்குங்கள். லத்தீனில் கால்க்ஸ் என்றால் சுண்ணாம்புதான். நம் பழைய வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தாலும் சில்லென்று இருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சுண்ணத்துக்குள்ளேயே குடியிருந்துவிட்டு அதைக் கடன் சொல்லால் அழைக்க வேண்டுமா?

கோட்டையூர், செவிலியர்:
ஐயா, சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கால்சியம் என்றுதான் வருகிறது. சுண்ணம் என்றால் நோயாளிக்கு வெற்றிலைதான் நினைவுக்கு வரும்.

போலியிலும் எனக்கு ஒரு தடை. அறன் என்று எழுதினாலும் பொருள் மாறாது, அதனால்தான் அது போலி. இங்கே பொருளே கெட்டுப்போகிறதே! தேர்வில் வேறு ஆள் உட்கார்ந்தால் என்ன சொல்கிறோம்? ஆள்மாறாட்டம். அதுபோல ‘அயனி மாறாட்டம்’ இருக்கட்டும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் காட்மியத்தால் வந்த நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’ என்று பெயர். ‘வலிக்குது, வலிக்குது’ என்று அர்த்தம். காட்மியம்தான் காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஒத்துக்கொண்டது. பெயர் மட்டும் நோயாளிகளின் வாயிலிருந்து வந்ததாகவே நிலைத்துவிட்டது. கேட்டதும் புரிகிற சொல் அவ்வளவு வலுவானது.

கானாடுகாத்தான், மருந்தியல் மாணவர்:
அக்கா சொல்வது காட்மியத்துக்கும் காரீயத்துக்கும் சரி. பாதரசத்துக்குப் பொருந்தாது. அது புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குலைவது அதன் பின்விளைவு. காட்மியமும் எப்போதும் வேடம் போட்டு வருவதில்லை. கல்லீரலில் உண்டாகும் மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து, நுண்குழல் செல்லுக்குள் போன பிறகு அவிழ்கிறது. ஆகவே ‘கன உலோகங்களின் மாறாட்டம்’ என்று பொதுத் தலைப்பு வைக்க வேண்டாம், டீச்சர்.

அப்புறம், காரீயம் என்றே முழுசாக எழுதுங்கள். வெறுமனே ஈயம் என்று போட்டால் ஆச்சிமார் ரசம் வைக்கிற ஈயச்சொம்பைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். ஆனால் அதில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
போலிக்குச் செவிலியம்மா சொன்ன தடை நியாயமானது, ஏற்கிறேன். ஆனால் மாறாட்டத்துக்கு அகராதியில் மனத்தடுமாற்றம் என்றும் பொருள் உண்டே. ‘அயனி ஒப்புமை’ போதாதா?

காரைக்குடி, உயிரியல் ஆசிரியை:
ஒப்புமை என்றால் இரண்டும் ஒன்றுபோல இருப்பது மட்டும்தான் வருகிறது ஐயா, இடத்தைப் பிடித்துக்கொள்வது வரவில்லை. இன்று காலை இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதி, பொருளை நீங்களே சொல்லுங்கள் என்றேன். மாறாட்டத்துக்குப் பின்வரிசைப் பெண் எழுந்து, “வேற ஆளு வந்து உக்காந்துக்கிறது டீச்சர்” என்றாள். அதையே வைத்துக்கொள்கிறேன். கால்சியம் கால்சியமாகவே இருக்கட்டும். பாதரசத்துக்குத் தனிப் பத்தி போட்டுவிட்டேன், தம்பி.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சரி, அச்சுக்குப் போகட்டும். ஆனால் ஆள்மாறாட்டம் செய்கிறவனுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அயனிக்கு அது கிடையாது. சுண்ணத்தையும் நான் விடவில்லை. அடுத்த பதிப்பின்போது இரண்டையும் மறுபடி எழுப்புவேன்.