ஊசலில் g (புவியீர்ப்பு ஆர்முடுகல்) 9.54 தான் வருகுது, எங்கே பிழை?

முதலாம் வருடப் பௌதிகவியல் செய்முறை. நூல் 40.0 செ.மீ., குண்டின் விட்டம் 2.0 செ.மீ., 20 அலைவுக்கு 25.73 செக்கன். 9.81 வரவேண்டாமா? எண்ணினது பிழையோ?

பதில் 1:
எண்ணினது சரி, தம்பி. "பூச்சியம்" என்று தொடங்காமல் "ஒன்று" என்று தொடங்கியிருந்தால் 19 அலைவைத்தான் 20 என்று எடுத்திருப்பீர்கள். g 10%க்கு மேல் கூடியிருக்கும். உங்களுக்குக் குறைந்திருக்கு. நீளம் குண்டின் மையம் வரை. ஆரை 1.0 செ.மீ.ஐக் கூட்டி 41.0 போடுங்கள், 9.78 வரும்.

பதில் 2:
அந்த 9.78 தான் கொழும்புக்குச் சரியான பெறுமானம். நாங்கள் மத்தியகோட்டுக்குக் கிட்ட, ஏறக்குறைய வடக்கு 7 பாகையில் இருக்கிறோம். தயவுசெய்து 9.81க்காக வாசிப்பைத் திருத்த வேண்டாம்!

ஒரு நீளத்தோடு நிற்கவும் வேண்டாம். 40 முதல் 100 செ.மீ. வரை ஆறு நீளம் எடுத்து, T²ஐ (T என்பது ஓர் அலைவுக்கான நேரம்) நூலின் நீளத்துக்கு எதிரே வரையுங்கள். படித்திறன் 4π²/g. ஆரையை விட்டிருந்தாலும் படித்திறன் மாறாது. வெட்டுத்துண்டு மட்டும் 0.04 செக்கன்² அளவில் மேலே நிற்கும். வரைபின் அருமையே அதுதான்.

பதில் 3:
நூலைக் கம்பியில் சுற்றிக் கட்டினால் தொங்கும் புள்ளி ஆடும்போது நகரும். பிளந்த தக்கைக்குள் இறுக்குங்கள். வீச்சம் 5 பாகைக்குள். 10 பாகையில் g 0.4% அளவு குறைந்து வரும். வெக்கையென்றாலும் மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் குண்டு நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கும்.